எட்டு மாதம் சும்மா கிடந்த படகு என்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை, ப்ளக் ஈரமாகத்தான் இருக்கிறது

அம்மாபேட்டைப் படகு (ஞாயிறு, இரவு 8.40)

எல்லாருக்கும் வணக்கமுங்க. நெரிஞ்சிப்பேட்டை கதவணைத் தேக்கத்தில் மீன் பிடிக்கிற சின்ன ஃபைபர் படகு நம்முது. பின்னால் மாட்டுகிற 8 குதிரைத்திறன் அவுட்போர்டு. டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணுவது. கடற்கரைப் பக்கம் ஒருவரிடம் பழசாக வாங்கினேன்.

போன ஆடியில் மேட்டூரில் உபரி நீர் திறந்தபோது படகை மேட்டுக்கு இழுத்துப் போட்டோம். என்ஜினைக் கழற்றி மாட்டுச்சாளையில், கட்டுத்தறிக்குப் பக்கத்தில் ஒரு கட்டையில் மாட்டி வைத்தேன். அதற்கப்புறம் தறி வேலை, தங்கச்சி கல்யாணம், ஒறம்பரை என்று எட்டு மாதம் ஓடிவிட்டது. இன்றைக்குத்தான் நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி, என்ஜின் காலை அதில் முக்கி இழுத்துப் பார்த்தேன். நாற்பது தடவைக்கு மேல் இழுத்தாச்சு. ஒரு இருமல்கூட வரவில்லை. தோள்பட்டை கழன்றுவிட்டது.

ப்ளக் இரண்டையும் கழற்றிப் பார்த்தேன், ஈரமாக இருக்கிறது. பெட்ரோல் புதுசு. டவுனில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குத் தூக்கிப்போனால், திறந்துகூடப் பார்க்காமல் "சிடிஐ போயிடுச்சு, காயிலும் சந்தேகம்தான்" என்று (ப்ளக்குக்கு நெருப்பு கொடுக்கிற மின்பெட்டியும் சுருளும்) சொல்லி, என்ஜின் வாங்கின விலையில் பாதியைக் கேட்கிறார்கள். என்ன பண்ணலாமுங்க?

டிவிஎஸ் பிஃப்டி (ஞாயிறு, இரவு 9.05)

ப்ளக் ஈரம்னா ஓவர்ஃப்ளோதான் அண்ணா. நாற்பது இழுப்பும் சோக் (காற்றை அடைக்கிற மூடி) போட்டே இழுத்திருப்பீங்க. ப்ளக்கைத் துடைத்துக் காயவைத்து, சோக்கை எடுத்துவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுசாகத் திறந்து பத்து இழுப்பு இழுங்க. உள்ளே தேங்கினது வெளியே போயிடும். எங்க அப்பா பழைய டிவிஎஸ் 50-ஐ இப்படித்தான் எழுப்புவார், அப்புறம் நாலு கெட்ட வார்த்தை.

பாம்பன் காற்று (ஞாயிறு, இரவு 9.30)

தம்பி, முதலில் காசு செலவில்லாத இடங்களைப் பாருங்க. டேங்க் மூடியில் காற்றுத் திருகு இருக்கும், அது திறந்திருக்கா? ட்யூபில் இருக்கிற ரப்பர் பல்பை அமுக்கினால் நாலைந்து அமுக்கில் கல் மாதிரி இறுகணும், இறுகுதா? கியர் நியூட்ரலில் இருக்கா? சிவப்புக் கயிற்றோடு ஒரு கிளிப் வருமே, ஸ்டாப் பட்டனுக்கு அடியில் சொருகுவது, அது சொருகியிருக்கா? கரையில் பாதிப் பேர் மெக்கானிக்கைக் கூப்பிட்ட பிறகுதான் அந்தக் கிளிப்பைத் தேடுவாங்க.

அம்மாபேட்டைப் படகு (திங்கள், காலை 6.50)

அண்ணா, காற்றுத் திருகு திறந்துதான் இருக்கிறது. பல்பு நன்றாக இறுகுகிறது. நியூட்ரல்தான். கிளிப்பும் சொருகித்தான் இருக்கிறது. ஸ்டாப் ஸ்விட்ச்சில் சந்தேகம் வந்து அதன் வயரைக் கழற்றிவிட்டும் இழுத்தேன், ஸ்டார்ட் ஆகவில்லை. அப்போ ஸ்விட்ச் நல்லாத்தான் இருக்கு என்று மறுபடியும் மாட்டிவிட்டேன். புது ப்ளக் இரண்டு வாங்கிப் போட்டேன். அதுவும் ஈரமாகிறது, அவ்வளவுதான். டிவிஎஸ் தம்பி சொன்னதும் செய்தாச்சு.

மச்சான் பரிசல்காரர். காலையில் இந்தப் பக்கமாகப் போனவர், "என் துடுப்பு ஸ்டார்ட் ஆகலைன்னு நான் என்னைக்காவது உட்கார்ந்திருக்கேனா மாப்ளே" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

பீளமேடு லேத் (திங்கள், காலை 10.15)

ஒர்க்‌ஷாப்காரர் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாமுங்க. இரண்டு சிலிண்டர் இருக்கும்போது ஒன்று கெட்டால் என்ஜின் முக்கி முனகியாவது ஒற்றைக்காலில் ஓடப் பார்க்கும். இரண்டும் ஒரே நாளில் செத்துப்போனால், இரண்டுக்கும் பொதுவாக எது இருக்கிறதோ அங்கேதான் பார்க்கணும். பெட்ரோல் பொது. ஸ்டாப் வயர் பொது. சிடிஐ பொது. இந்த மூன்றில் விலை குறைந்ததிலிருந்து ஆரம்பிக்கிறதுதான் முறை. அவர் கடைசியிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்.

சிடிஐ கெடவே கெடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் சும்மா மாட்டி வைத்த இடத்தில் கெடுவது அபூர்வம்.

ஆயில் என்ஜின் பெரியவர் (திங்கள், பகல் 1.20)

நான் நாற்பது வருசமா கிணத்து மேட்டு ஆயில் என்ஜினும், அப்புறம் ஸ்ப்ரேயரும் பார்த்தவன். படகு என்ஜின் தொட்டதில்லை. இருந்தாலும் ஒண்ணு கேக்கறேன்.

தம்பி, ஸ்டாப் வயரைக் கழட்டினீங்க சரி. கழட்டிட்டு எதைப் பார்த்தீங்க? நெருப்பு வருதான்னு பார்த்தீங்களா, இல்ல என்ஜின் ஸ்டார்ட் ஆகுதான்னு பார்த்தீங்களா? ரெண்டும் வேற வேற. என்ஜினுக்கு ரெண்டு கோளாறு ஒண்ணா இருந்தா, ஒண்ணைச் சரி பண்ணினாலும் அது ஸ்டார்ட் ஆகாது. நீங்க "இது இல்ல"ன்னு பழையபடி மாட்டிருவீங்க. அப்புறம் அடுத்ததைச் சரி பண்ணும்போது முதல் கோளாறு திரும்ப வந்து உக்காந்திருக்கும். ஆயுசுக்கும் சுத்திக்கிட்டே இருக்கலாம்.

பொழுது சாயட்டும். ப்ளக் ரெண்டையும் கழட்டி, அதது கேப்பிலேயே மாட்டி, ப்ளக்கோட உலோகத்தை என்ஜின் இரும்புல அழுத்தி வச்சு, ஒரு ஆளை மெதுவா இழுக்கச் சொல்லுங்க. வயர் மாட்டி ஒரு தடவை, கழட்டி ஒரு தடவை. நீலமா நெருப்பு வருதான்னு மட்டும் பாருங்க, ஸ்டார்ட் ஆகுறதைப் பத்தி இன்னிக்கு நினைக்கவே வேண்டாம்.

பீளமேடு லேத் (திங்கள், பகல் 1.45)

ஐயா சொன்னதில் இரண்டு சேர்க்கிறேன். ப்ளக் இல்லாத ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளியே அடிக்கும். அதன் வாய்க்கு நேராக ப்ளக்கைப் பிடிக்காதீங்க, தள்ளி வையுங்க. ஓட்டையைத் துணியால் மூடுங்க. டேங்கும் தூரமாக இருக்கட்டும். இரண்டாவது, ப்ளக்கை அந்தரத்தில் தொங்கவிட்டு இழுக்கக் கூடாது. நெருப்பு போக வழி இல்லாமல் அந்த அழுத்தம் சிடிஐ மேலேயே திரும்பும். இல்லாத கோளாறை நாமே உண்டாக்கின மாதிரி ஆகிவிடும்.

அம்மாபேட்டைப் படகு (திங்கள், இரவு 7.55)

பெரியவருக்குக் கும்பிடுங்க. வயர் மாட்டியிருந்தால் நெருப்பு இல்லை. கழற்றினால் இரண்டு ப்ளக்கிலும் படீர் படீர் என்று நீலமாக வருகிறது. சிடிஐ, காயில் எல்லாம் உயிரோடு இருக்கு!

அப்போ ஸ்விட்ச்தானே என்று டார்ச் அடித்துக் கிட்டத்தில் பார்த்தேன். சொன்னால் சிரிப்பீங்க. நான் கிளிப் என்று நினைத்துக்கொண்டிருந்தது கிளிப்பே இல்லை. எனக்கு விற்றவர் ஒரிஜினலைத் தொலைத்துவிட்டு, ஹவாய் செருப்பின் அடியை ஆங்கில யு மாதிரி வெட்டிச் சிவப்புக் கயிற்றில் கட்டிச் சொருகியிருக்கிறார். இத்தனை நாளும் அதில்தான் ஓட்டியிருக்கிறேன். எட்டு மாதத்தில் அந்த ரப்பர் அமுங்கிக் காய்ந்து, அரிசி அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. பட்டன் பாதிதான் வெளியே வந்து நிற்கிறது.

பாம்பன் காற்று (திங்கள், இரவு 8.10)

எங்க ஊர்ச் செருப்புதான் அது, சந்தேகமே இல்லை. 😀

விளக்கம் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். இந்த மாதிரி என்ஜினில் ஸ்டாப் ஸ்விட்ச் என்பது வீட்டு லைட் ஸ்விட்ச்சுக்கு நேர் எதிர். கரண்டைத் துண்டித்து நிறுத்தாது. சிடிஐக்குப் போவதை எர்த்தில் இறக்கி நிறுத்தும். கிளிப் பட்டனை முழுசாகத் தூக்கிப் பிடித்தால்தான் எர்த் விடும். அதனால்தான் வயரைக் கழற்றினால் நெருப்பு வருகிறது.

ஆனால் வயரைக் கழற்றிவிட்டே தொழிலுக்குப் போகலாம் என்று நினைக்காதீங்க. அப்புறம் சோக்கை இழுத்து மூச்சை அடைத்துத்தான் நிறுத்தணும். அதைவிட, நீங்க தவறி விழுந்தால் கையில் கட்டின கயிறு கிளிப்பை இழுத்து என்ஜின் நிற்கணும். நிற்காவிட்டால் படகு வட்டம் போட்டுத் திரும்பி உங்க மேலேயே வரும். அடியில் சுற்றுகிற விசிறிக்கு ஆள் தெரியாது. நல்ல கிளிப் வாங்குங்க.

அம்மாபேட்டைப் படகு (செவ்வாய், காலை 7.30)

இப்போதைக்குச் சோதனைக்கு மட்டும் மூங்கில் பட்டையைச் சீவி கிளிப் மாதிரி வைத்திருக்கிறேன், பட்டன் முழுசாக மேலே நிற்கிறது. நெருப்பு வருகிறது. ஆனாலும் என்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை! பெரியவர் சொன்ன மாதிரி இரண்டாவது கோளாறு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ப்ளக் ஈரமாகத்தான் இருக்கிறது, நெருப்பும் இருக்கிறது. இன்னும் என்னதான் வேண்டும் இதுக்கு?

டிவிஎஸ் பிஃப்டி (செவ்வாய், காலை 8.00)

கம்ப்ரஷன் போயிருக்குமோ? ப்ளக் ஓட்டையைக் கட்டைவிரலால் அமுக்கிக்கிட்டு இழுங்க, விரலைத் தள்ளிவிடணும். இல்லைன்னா அந்த ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே ஒண்ணு விக்குதே, அதை கார்பரேட்டர் வாயில அடிங்க.

கோபி ஸ்பேர்ஸ் அக்கா (செவ்வாய், காலை 9.40)

ஸ்ப்ரே வேண்டாம் தம்பி. டூ ஸ்ட்ரோக்குக்கு ஆயில் பெட்ரோலோடதான் போகும். வெறும் ஸ்ப்ரேயில் ஓடினா பேரிங்கும் சிலிண்டரும் வறட்சியாத் தேயும்.

நான் கடையில் பவர் ஸ்ப்ரேயர், களை வெட்டும் மிஷின் சாமான் விற்கிறேன். கோடையும் மழையும் சும்மா கிடந்துவிட்டு வருகிற மிஷின் தினம் நாலாவது வரும். எல்லாரும் "ப்ளக் ஈரமா இருக்குக்கா" என்றுதான் சொல்வார்கள். நான் கேட்கிறது ஒன்றுதான்: என்ன ஈரம்?

ப்ளக்கில் இருக்கிறதை விரலில் தொட்டுக் கட்டைவிரலோடு தேய்த்துப் பாருங்க. ஆயில் கலந்த பெட்ரோல்னா சில்லுனு ஆவியாகிப் போயிட்டு, கடைசியில் விரல் வழுக்கும். வழுக்காமல் ஈரம் மட்டும் நின்றால் அது பெட்ரோல் இல்லை. இன்னொன்று, பெட்ரோல் புதுசு என்றீங்க. டேங்கைக் கழுவிட்டு ஊற்றினீங்களா, பழசு மேலேயே ஊற்றினீங்களா?

அம்மாபேட்டைப் படகு (செவ்வாய், பகல் 12.25)

அக்கா, விரல் வழுக்கவில்லை. கட்டைவிரல் வைத்தும் பார்த்தேன், தள்ளிவிடுகிறது, கம்ப்ரஷன் இருக்கிறது.

பெட்ரோல்... டேங்கில் போன வருசத்தது ஐந்து லிட்டர் இருந்தது. வீணாக்குவானேன் என்று அதன் மேலேயே மூன்று லிட்டர் புதுசு ஊற்றினேன். 🙈

கோபி ஸ்பேர்ஸ் அக்கா (செவ்வாய், பகல் 12.40)

அதானே பார்த்தேன். டேங்கைக் குலுக்காமல் அடியிலிருந்து ட்யூப் வழியா ஒரு கண்ணாடி சீசாவில் பிடியுங்க. அரை மணி நேரம் வெளிச்சத்தில் வையுங்க.

அம்மாபேட்டைப் படகு (செவ்வாய், மாலை 4.10)

அக்கா! சீசாவில் இரண்டு தட்டாகப் பிரிந்து நிற்கிறது. மேலே டூ-டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் நிறத்தில் பெட்ரோல். கீழே மூன்று விரற்கடை உயரத்துக்குக் கலங்கின வடிகஞ்சி மாதிரி. கீழே இருக்கிறதைத் தனியாக ஒரு துணியில் நனைத்துப் பார்த்தேன், பெட்ரோல் வாசனையே குறைவு, சாராய நெடிதான் தூக்கலாக இருக்கு.

பீளமேடு லேத் (செவ்வாய், மாலை 5.00)

சாராய நெடி சரிதான், அது எத்தனால்தான். இப்போது பங்கில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் வரைக்கும் எத்தனால். எத்தனால் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கொஞ்சம் தண்ணீர் என்றால் பெட்ரோலோடு கரைத்தே வைத்திருக்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்க் அடியில் இறங்கிவிடும். உங்கள் டேங்க் ஆற்றங்கரைச் சாளையில், காற்றுத் திருகு திறந்தபடி, மழைக்காலம் முழுக்க இருந்திருக்கிறது. மழைத் தண்ணீரும் மூடி வழியாகக் கொஞ்சம் இறங்கியிருக்கலாம்.

டேங்கில் உறிஞ்சு குழாய் எங்கே இருக்கிறது? அடியில். ஆக, நீங்கள் எத்தனை லிட்டர் புதுசு ஊற்றினாலும் என்ஜினுக்குப் போவது அந்தக் கஞ்சிதான். பல்பு இறுகும், ப்ளக் நனையும், பற்றிக்கொள்ளாது.

இதில் பயப்பட வேண்டிய விஷயம் வேறு. டூ-டி ஆயில் மேல் தட்டுப் பெட்ரோலோடு நின்றுவிடும், கீழ்த் தட்டுக்கு வராது. தப்பித்தவறி அந்தக் கீழ்த் தட்டில் என்ஜின் ஓடியிருந்தால் ஆயில் இல்லாமல் பிஸ்டன் பிடித்திருக்கும். ஸ்டார்ட் ஆகாமல் இருந்ததே நல்லது என்பேன்.

கொடுமுடி மஞ்சக்காடு (செவ்வாய், மாலை 5.30)

மேல் தட்டை மட்டும் வடித்து எடுத்து ஓட்டலாமா? பெட்ரோல் விற்கிற விலையில்...

பீளமேடு லேத் (செவ்வாய், மாலை 5.45)

வேண்டாமுங்க. எத்தனால் பிரிந்து போனதும் மிச்சப் பெட்ரோலின் ஆக்டேன் குறைந்துவிடும். என்ஜின் சாமான் கழுவ வைத்துக்கொள்ளலாம். ஆற்றில் மட்டும் கொட்டிவிடாதீர்கள், கீழே எத்தனை ஊர் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறது.

டிவிஎஸ் பிஃப்டி (செவ்வாய், மாலை 6.00)

ஆயில் எவ்வளவு ஊத்துவீங்க அண்ணா? நாங்க பைக்குக்கு ஊத்துற டூ-டி-யையே இதுக்கும் ஊத்தலாம்ல?

பாம்பன் காற்று (செவ்வாய், மாலை 6.40)

ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், நானே அவசரத்துக்கு ஊற்றியிருக்கிறேன். ஆனால் அவுட்போர்டுக்கு என்று டிசி-டபிள்யூ3 என்று டப்பாவில் போட்ட ஆயில் தனியாக வரும். காற்றால் குளிர்கிற பைக் என்ஜின் கொதிக்கும். தண்ணீரால் குளிர்கிற இது அவ்வளவு சூடாகாது. அதனால் சாம்பல் படியாத ஆயில் இதுக்கு வேண்டும். அளவு என்ஜின் புத்தகத்தில் இருக்கும். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. தனிக் கேனில் கலந்து குலுக்கிவிட்டு டேங்கில் ஊற்றுங்கள்.

கார்பரேட்டரின் அடிக்கிண்ணத்தையும் கழற்றிக் காலி பண்ணுங்க. ட்யூபிலும் பல்பிலும் இருக்கிற கஞ்சியையும் வடியுங்க. இல்லைன்னா புதுப் பெட்ரோலும் பாழ்.

அம்மாபேட்டைப் படகு (புதன், காலை 9.15)

ஸ்டார்ட் ஆயிருச்சு!! ஆறாவது இழுப்பில். சாளை முழுக்கப் புகை, எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அதைப் பிடித்துக் கட்டிவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

ஆனால் பாதி சோக் போட்டிருந்தால்தான் ஓடுகிறது. சோக்கைத் தள்ளினால் செத்துவிடுகிறது. ஐடிலிங் பிடிக்கவே இல்லை. கிண்ணத்தைக் கழற்றியபோது அடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி இருந்தது, துடைத்துவிட்டேன்.

கோபி ஸ்பேர்ஸ் அக்கா (புதன், காலை 10.00)

அந்தச் சுண்ணாம்பு பைலட் ஜெட்டுக்குள்ளும் (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடுகிற சின்னத் துளைத் திருகு) இருக்கும். சோக் போட்டால் காற்று குறைந்து, அடைத்த ஜெட் கொடுக்கிற கொஞ்சப் பெட்ரோலே போதுமானதாகிவிடும், அதனால் ஓடுது. ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராப் பிடியுங்க. ஊசிமுனைப் புள்ளியா வெளிச்சம் தெரியணும்.

பீளமேடு லேத் (புதன், காலை 10.20)

ஊசி என்று அக்கா சொன்னது உவமைக்குத்தான், ஊசியை உள்ளே விட்டுவிடாதீர்கள்! ஜெட் பித்தளை, ஊசி எஃகு. அந்தத் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஒரு தடவை கீறிவிட்டால் அளவே மாறிவிடும். பழைய ஒயரை உரித்து ஒற்றைச் செம்பு இழையை எடுங்கள், அதுதான் பித்தளையைக் கீறாது. கார்பரேட்டர் க்ளீனர் அடித்து ஊறவிட்டு, இழையை விட்டு, காற்றடியுங்கள். கழற்றும்போது சரியான அகலத்துக்கு ஸ்க்ரூடிரைவர் வேண்டும். தலை சிதைந்தால் என்னிடம்தான் கொண்டுவரணும். 😀

அம்மாபேட்டைப் படகு (புதன், மாலை 5.50)

செம்பு இழை இரண்டு தடவை வளைந்தது, மூன்றாவது தடவை உள்ளே போனது. வெளியே வந்தது சோப்புக்கட்டி சீவல் மாதிரி ஒரு துணுக்கு, எறும்புத் தலை அளவு. மாட்டி இழுத்தேன், இரண்டாவது இழுப்பிலேயே பிடித்துவிட்டது. சோக் இல்லாமல், கையை எடுத்தாலும் கடகடவென்று ஓடிக்கொண்டே இருக்கிறது.

இப்போது புதுப் பிரச்சினை. பின்னால் தண்ணீர் பீச்சுமே, அது வரவில்லை. டிரம்மில் தண்ணீர் நிறையத்தான் இருக்கிறது.

பாம்பன் காற்று (புதன், மாலை 5.53)

உடனே நிறுத்துங்க. எத்தனை நிமிசம் ஓடியது? டிரம்மில் இல்லாமல் எப்போதாவது ஓடவிட்டீங்களா? உள்ளே தண்ணீர் இழுக்கிற இம்பெல்லர் ரப்பர். அதுக்கு வழுவழுப்பே தண்ணீர்தான். வறட்சியில் ஒரு நிமிசம் ஓடினாலே கருகிவிடும்.

அம்மாபேட்டைப் படகு (புதன், மாலை 6.05)

நிறுத்திட்டேன் அண்ணா. ஒரு நிமிசம்கூட ஓடியிருக்காது. டிரம் இல்லாமல் ஓட்டவே இல்லை.

பாம்பன் காற்று (புதன், மாலை 6.15)

அப்போ என்ஜின் காலைக் கழற்றுவதற்கு முன்னால் நீர் பீச்சுகிற அந்தச் சின்ன ஓட்டையைக் குடைந்து பாருங்க. எங்க பக்கம் மணலும் உப்பும் அடைக்கும். (அந்த ஓட்டைக்கு எங்க ஊரில் சொல்கிற பேரை இங்கே எழுத முடியாது.)

ஆயில் என்ஜின் பெரியவர் (புதன், மாலை 6.30)

மாட்டுச்சாளைன்னு சொன்னீங்க. குளவி பார்த்தீங்களா?

அம்மாபேட்டைப் படகு (வியாழன், காலை 7.10)

பெரியவர் ஐயா, நீங்க ஜோசியம் பார்ப்பீங்களா?

சீமாறு ஈர்க்கு ஒன்றை விட்டுக் குடைந்தேன். அரை விரல் நீளத்துக்கு இறுகின மண். உடைந்து விழுந்ததில் காய்ந்த பச்சைப் புழு இரண்டு, குளவி தன் குஞ்சுக்குத் தீனியாக வைத்தது. ஒரே தூக்கமாகத் தூங்கியிருக்கிறது உள்ளே. எடுத்துவிட்டு ஸ்டார்ட் பண்ணினால், முதலில் செம்மண் கரைசல், அப்புறம் பளிச்சென்று தண்ணீர், சாளைச் சுவர் வரைக்கும் பீச்சுகிறது. கையை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுப்பாக வருகிறது.

ஆயில் என்ஜின் பெரியவர் (வியாழன், காலை 7.40)

ஜோசியம் இல்லைங்க. எங்க ஆயில் என்ஜின் சைலன்சருக்குள்ள வருசா வருசம் கட்டும். இனி ஓட்டையெல்லாம் துணி வச்சுக் கட்டிட்டு நிறுத்துங்க. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னால துணியை எடுக்க மறந்துட்டு இதே இழையில வந்து கேக்காதீங்க.

கொடுமுடி மஞ்சக்காடு (வியாழன், காலை 8.20)

நிறுத்தி வைக்கும்போது பெட்ரோலை என்ன பண்ணுவது? நம்மிடமும் ஒரு பவர் ஸ்ப்ரேயர் தை மாசத்திலிருந்து கிடக்கிறது.

கோபி ஸ்பேர்ஸ் அக்கா (வியாழன், காலை 8.45)

கடைசி நாள் பெட்ரோல் குழாயை அடைத்துவிட்டு, தானாக நிற்கிற வரைக்கும் ஓடவிடுங்க. கிண்ணம் காலியாகும், சுண்ணாம்பு படியாது. டேங்கில் மிச்சம் இருந்தா ஆயில் கலந்ததைப் பைக்கில் ஊற்றாமல், அண்டை வீட்டு டூ ஸ்ட்ரோக் மிஷினுக்குக் கொடுங்க. வைத்தே ஆகணும்னா டேங்கை நிறைய வைத்து இறுக மூடுங்க. காலி இடம் இருந்தால்தானே ஈரக்காற்று உள்ளே வரும். உங்க ஸ்ப்ரேயரை இப்போதே இழுக்காதீங்க, முதலில் சீசாவில் பிடியுங்க.

அம்மாபேட்டைப் படகு (வெள்ளி, இரவு 9.00)

கிளிப் வந்துவிட்டது, பாம்பன் அண்ணா பார்சலில் அனுப்பினார், காசு வாங்க மாட்டேன் என்கிறார். இன்று மாலை பூலாம்பட்டிப் பக்கம் ஒரு சுற்றுப் போய்வந்தேன். கதவணைத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. நடு ஆற்றில் வேண்டுமென்றே கயிற்றை இழுத்துப் பார்த்தேன், டக்கென்று நின்றது. திரும்ப ஒரே இழுப்பு.

வரும் வழியில் மச்சான் பரிசலில் வலை போட்டுக்கொண்டிருந்தார். எதிர்காற்று, பாவம், துடுப்புப் போட்டு மாளவில்லை. பரிசலைக் கட்டி இழுத்துவந்து கரையில் விட்டேன். இறங்கும்போது, "மீனெல்லாம் உன் சத்தத்துல ஓடிப்போச்சு" என்று மட்டும் சொன்னார்.

டிவிஎஸ் பிஃப்டி (வெள்ளி, இரவு 9.10)

அந்தச் செருப்புத் துண்டைத் தூக்கிப்போட்டுறாதீங்க அண்ணா, படம் போடுங்க.

கொடுமுடி மஞ்சக்காடு (சனி, காலை 6.30)

அக்கா, சீசாவில் பிடித்தேன். இரண்டு தட்டு.